எங்கள் வாசலில் ஒரு கல்

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால், சாலையோரத்தில் ஒரு கல் கிடக்கிறது. கிடக்கிறது என்று சொல்வது தவறு, வைக்கப்பட்டிருக்கிறது. வீடு கட்டியபோது மிச்சமான கருங்கல். தூக்க முடியாது, ஒரு ஆள் மூச்சுப் பிடித்தால் உருட்டலாம். இருட்டில் யாரும் மோதிவிடக் கூடாது என்று அதற்கு வெள்ளை அடித்திருக்கிறேன். இதுவரை மூன்று பூச்சு ஆகியிருக்கிறது.

கல் ஒன்றும் எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார். அவற்றில் பூச்செடி இருந்து நான் பார்த்ததில்லை. எதிர் வீட்டில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாவது வீட்டின் கம்பிக் கதவில், 'இங்கே வண்டி நிறுத்தினால் டயரில் காற்று இறக்கப்படும்' என்று ஒரு பலகை. எழுதியவர் தெருவிலேயே மென்மையான மனிதர். எறும்புக்கும் வழி விட்டு நடப்பவர். கார் நிறுத்துகிற இடம் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குள்ளிருந்து வேறொருவர் எழுந்து வருகிறார்.

அந்த வேறொருவர் எனக்குள்ளும் இருக்கிறார். அவர் செய்த காரியம் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. உரிமையாளர்கள் அதை இடித்துவிட்டு நான்கு தளக் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தார்கள். தரைத்தளத்தில் கடைகள், மேலே மூன்று தளங்களில் 16 சின்ன வீடுகள். இடம் குடியிருப்பு மண்டலத்தில் இருந்ததால், கலப்புப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்று மனு. மதில் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாம் என்றிருந்தது. ஆட்சேபணை எங்களிடம் எப்போதும் கையிருப்பில் உண்டு. தெருவே திரண்டு போனது.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைவு. "16 வீடுகள் வந்தால் 16 கார்கள் வரும். கடைக்கு வருகிறவர்களின் வண்டிகள் எங்கே நிற்கும்? எங்கள் வாசலிலா?" என்று கேட்டேன். கைதட்டல் எழுந்தது. அதற்குப் பிறகு பேசிய எல்லோரும் அதையே வேறு வேறு குரலில் சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். எங்கள் தெருவின் மாடிப் பகுதி ஒன்றில் வாடகைக்கு இருப்பவர், இரவுப் பணிக்குப் போகிறவர். "அந்த வீடுகள் வாடகைக்குக் கிடைக்குமா, இல்லை விற்பனைக்கு மட்டுமா?" என்று கேட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. நானும்தான்.

பிறகு கூட்டக் குறிப்பின் நகல் கிடைத்தது. பதிவான கருத்துகள் 23. அவற்றில் 19 வாகன நிறுத்தம் பற்றியவை. வடிகால் பற்றி இரண்டு, முற்றத்து மரத்தைப் பற்றி ஒன்று. அந்த வீடுகளில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி அந்தப் பெண் கேட்டது மட்டும் ஒன்று.

இப்படிப் பேசிய முதல் தலைமுறை நாங்கள் அல்ல என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நகரத்தைக் கட்டம் கட்டிப் பிரித்து, இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று விதி செய்வது சரிதானா என்ற வழக்கு 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் ஒரு பக்கம், ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் மறுபக்கம். சிற்றூர்தான் வென்றது, மண்டலம் பிரிக்கும் முறைக்கு அங்கே அடித்தளமாக இன்றும் நிற்பது அந்தத் தீர்ப்பு. நீதிபதி சதர்லாண்ட் அதில் இரண்டு உவமைகள் சொல்லியிருக்கிறார். ஒன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது: தொல்லை என்பது சில நேரம் சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதுதான், கொட்டிலில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்துவிட்டதைப் போல. இன்னொன்று, தனி வீடுகள் இருக்கிற பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அவர் ஒட்டுண்ணி என்கிறார். அதோடு நிற்கவில்லை. ஓடுகிற கார்களும் நிற்கிற கார்களும் தெருவை அடைத்துக்கொள்ளும், குழந்தைகள் விளையாடும் அமைதியான இடம் பறிபோகும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூட்டத்தில் நான் பேசியது ஏறக்குறைய அதேதான். குழந்தைகளை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

கதைக்குத் திரும்புகிறேன். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கும்போது புள்ளிவிவரத்தோடு கொடுத்தால் கனம் கூடும் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தெருவை எண்ணினேன். காலை 6 மணி, முற்பகல் 11, மாலை 7, இரவு 11 என்று நாளுக்கு நான்கு நடை. நாய்கள் முதல் நாள் குரைத்தன. மூன்றாம் நாளிலிருந்து கூடவே நடந்தன. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் சர்க்கரைக்காக நடக்கிறேன் என்றேன்.

தெருவின் நீளம் 210 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 24 வீடுகள், 24 கேட்டுகள். இரவு 11 மணிக்குச் சாலையில் சராசரியாக 31 கார்கள். இதுவரை என் வாதத்துக்குச் சாதகம். பிறகுதான் கம்பிக் கதவுகளுக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் வம்பு வந்தது. வீடு கட்ட அனுமதி வாங்கியபோது வரைபடத்தில் காட்டிய கார் இடங்களை மொத்தமாகக் கூட்டினால் 29 வருகிறது. அவற்றில் கார் நின்றது 13இல். மீதி 16 இடங்களில் என்னதான் இருந்தது? பழைய பீரோ, பழுதான சலவை இயந்திரம், டிரெட்மில், மகன் வெளியூர் போனபோது விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிள். ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்குச் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, அறையாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் ஊஞ்சல்.

எங்கள் வீட்டில்? ஒரு மர அலமாரி, காற்றில்லாத இரண்டு சைக்கிள்கள், மராமத்து வேலையில் மிஞ்சிக் கல்லாகிப் போன நான்கு சிமெண்ட் மூட்டைகள். எங்கள் கார் வெளியே, கேட்டுக்கு நேர் முன்னால் நின்றது. அது வேலைக்குப் போன பிறகு அந்த இடத்தைக் காப்பதற்காகத்தான் கல். அதாவது, வண்டி வெளியே வர வழி வேண்டும் என்று சொல்லி ஊராரை நான் நிறுத்தவிடாமல் தடுத்த அந்த வாசல் வழியாக ஆறு வருடமாக எந்த வண்டியும் உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. ஒரு கேட்டுக்கு முன்னால் சுமார் 4 மீட்டர் சாலையோரம் காலியாக விட வேண்டும். 24 கேட்டுக்கு 96 மீட்டர். ஒரு கார் ஓரமாக நிற்க ஐந்தரை மீட்டர் என்று வைத்தால், அந்த நீளத்தில் 17 கார்கள் நிற்கலாம். கதவுகளுக்குப் பின்னால் நிற்கிறவை 13. பதின்மூன்று கார்கள் உள்ளே நிற்பதற்காகப் பொதுச் சாலையில் பதினேழு கார்களின் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு ஓர் இடம் கட்டாயம் என்று விதி எழுதியவர் இதை எண்ணிப் பார்த்திருப்பாரா?

பார்த்திருக்க மாட்டார். நகரத் திட்டமிடல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்கிற விதியின் எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன சார்?" என்று கேட்டேன். "முந்தைய விதியிலிருந்து வந்தன. முந்தைய விதி பக்கத்து நகரத்து விதியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை" என்றார்.

தேடிப் போனால் இந்த விதியின் நூலிழை 1923 வரை போகிறது. ஒஹையோவின் கொலம்பஸ் நகரம் அந்த ஆண்டில் அடுக்குமாடி வீடு கட்டுகிறவர்கள் கார் நிறுத்த இடமும் தர வேண்டும் என்று விதித்தது. 1939இல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் அதை மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் நீட்டியது. பிறகு நகரத்துக்கு நகரம் தொற்றியது. மண்டல விதியே வேண்டாம் என்று வாக்களித்துப் பெயர் வாங்கிய ஹூஸ்டன் நகரம்கூடக் கட்டாய கார் இடத்தை விடவில்லை. இந்த எண்களைத் தன் வாழ்நாள் வேலையாகத் துருவிப் பார்த்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் நகரத் திட்டமிடல் கற்பித்த பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2025 பிப்ரவரியில் மறைந்தார். எண்கள் அளந்து எழுதப்பட்டவை அல்ல, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை என்று அவர் 2005இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். அந்தத் துறைக்காரர்களே அவரை மறுக்கப் பெரிதாக முனையவில்லை.

என்னைத் தைத்தது வேறு. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம்: பன்னிரண்டரை சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்பிப் போகிற வழியையும் சேர்த்தால் 25 சதுர மீட்டரைத் தாண்டிவிடும். ஒருவர் சமைத்து, படுத்து, குளிக்கிற அளவு இடம். அதைக் கட்டும் செலவை யாரும் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. வீட்டு விலையிலும் வாடகையிலும் கரைந்துவிடும். காரே இல்லாதவரும் அதைக் கொடுத்தாக வேண்டும். கடைசி வரிசையில் எழுந்து நின்றவருக்கு கார் கிடையாது. அவர் கேள்விக்கான பதிலை நான் கைதட்டல் வாங்கிய பேச்சிலேயே சொல்லிவிட்டிருந்தேன்.

இலவசமாக நிறுத்தும் இடம் எந்தக் காலத்திலும் போதாது. இது 1935இலேயே தெரிந்துவிட்டது. ஓக்லஹோமா நகரத்துக் கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்த இடமில்லை என்று புலம்பினார்கள். போய்ப் பார்த்தால், காலையில் வேலைக்கு வந்தவர்கள் மாலைவரை கடை வாசல்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர் காசு போட்டால் நேரம் காட்டும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு ஜூலை 16இல் முதல் பார்க்கிங் மீட்டர் சாலையோரத்தில் நின்றது. மணிக்கு ஐந்து சென்ட். நோக்கம் வசூல் அல்ல, வண்டியை நகர்த்துவதுதான். ஷூப் சொன்னதும் இதன் நீட்சி: எந்த நேரத்திலும் தெருவில் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் வையுங்கள், நூற்றுக்கு 85 நிரம்பியிருந்தால் போதும்.

கட்டணம் என்றவுடன் எல்லோரும் எகிறுவோம், நானும் எகிறுவேன். கலிஃபோர்னியாவின் பழைய பசடேனாவிலும் எகிறினார்கள். 1993இல் அங்கே மீட்டர் வைக்க நகராட்சி முயன்றபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூலாகிற பணம் அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் சுத்தத்துக்கும் செலவாகும் என்று உறுதி சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறான பாடத்தைச் சிகாகோவில் படிக்கலாம். 2008இல் சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் விட்டார்கள். பணம் வந்தது, கரைந்தது. திருவிழாவுக்கோ சாலை வேலைக்கோ அந்த இடங்களை மூடினால், குத்தகைதாரருக்கு நகரம் ஈடு தர வேண்டிய நிலை. சாலையோரத்தை விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுப்பது போன்ற காரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பான் செய்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் அது. காரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். இரவில் 8 மணி நேரத்துக்கு மேல் சாலையை கார் கொட்டகையாக்கிக்கொள்ளவும் கூடாது. இடம் தருவது கட்டடக்காரரின் கடமை என்று மட்டும் விட்டுவிடாமல், கார் வாங்குகிறவர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவின் குறுகலான குடியிருப்புத் தெருக்களில் குழந்தைகள் தனியாக நடந்து பள்ளிக்குப் போக முடிவதில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். இதை எங்கள் நலச் சங்கத்தில் சொன்னபோது, "ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் மூன்று கார்கள்.

வேறு நகரங்கள் கட்டாயத்தையே தளர்த்தியிருக்கின்றன. லண்டன் 2004இல் குறைந்தபட்சத்தைக் கைவிட்டு உச்சவரம்பு விதித்தது. மெக்சிகோ நகரமும் அமெரிக்காவின் பஃபலோ நகரமும் 2017இல் கட்டாய எண்ணிக்கையை எடுத்துவிட்டன. எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக வராத இடத்தில் உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் கட்டுப்பாடில்லை என்று விட்டால் கார்கள் நடைபாதையில் ஏறும். நடக்கிறவர் சாலையில் இறங்குவார். எங்கள் தெருவில் ஏற்கெனவே அப்படித்தான்.

என் எண்ணிக்கையை ஆட்சேபணை மனுவோடு கொடுத்தேனா? கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பது பாதி உண்மை. கூட்டத்தில் கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது மீதிப் பாதி. மனுவைத் திரும்பப் பெறவும் இல்லை, சும்மா இருந்துவிட்டேன்.

ஆகவே எங்கள் பேச்சுதான் கணக்கில் ஏறியது. தெருவாசிகளின் வேண்டுகோளை ஏற்று, கட்டடத்துக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். கடைகள் வர வேண்டிய தரைத்தளம் முழுக்கத் தூண்கள் நிறுத்தி பார்க்கிங் ஆனது. அதுவும் போதவில்லை என்று வீடுகளைக் குறைத்தார்கள், ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார்கள். 16 வீடுகள் 10 ஆயின. பத்தும் விற்பனைக்கு. முனையில் விளக்கு வெளிச்சத்தோடு இரண்டு கடைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது இருட்டான தூண் வரிசை. இரவில் அந்த வழியாக நடக்கிறவர்கள் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறார்கள்.

கட்டடத்தில் ஆட்கள் குடியேறிய பிறகு, பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் மறுபடி நடந்தேன். தூண்களுக்கு இடையே மொத்தம் 15 இடங்கள். இரவு 11 மணிக்கு உள்ளே நின்றவை ஏழு அல்லது எட்டு. அந்தக் கட்டடத்துக்காரர்களின் கார்கள் நான்கு வெளியே சாலையில். உள்ளே ஒரு தூண் இடிக்கிறது, இரண்டு முறை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். சாலையில் விடுவது சுலபம், இலவசமும்கூட. நான் எதுவும் பேசவில்லை. காலி இடம் ஒன்றில் ஒரு பீரோ ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

இரவுப் பணிக்குப் போகிற அந்தப் பெண் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. மாடிக்கு வாடகை ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு கார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் இடத்தைக் காலி செய்தேன். மர அலமாரியைக் கேட்டுக் கொண்டிருந்தவருக்குக் கொடுத்தேன். சைக்கிள்களுக்குக் காற்று அடித்தேன்; ஒன்று ஓடுகிறது. சிமெண்ட் மூட்டைகளை உடைக்க இரண்டு பேர், அரை நாள், ஒரு சம்மட்டி தேவைப்பட்டது. மாலையில் காரை உள்ளே விட்டேன். ஆறு வருடத்தில் முதல் முறை. இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி, கண்ணாடியை மடக்கிவிட்டு மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. பிறகு வெளியே போய்க் கல்லை உருட்டி மதில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் கல் பழையபடி கேட்டுக்கு முன்னால் இருந்தது. யார் வேலை என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் மாடி வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உருட்ட வைத்திருக்கிறார்.

"கார்தான் உள்ளே போய்விட்டதே, இனிமேல் கல் எதற்கு அம்மா?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில் வெளியே வர வேண்டாமா? இத்தனை நாள் சும்மா கிடந்தது. இப்போதுதான் அதற்கு வேலையே" என்றார்.